முள்ளங்கிக்கு நடுவே ஒரு தடம்

நவம்பர் 16

முள்ளங்கி விதைத்தோம். சாப்பிட அல்ல, சாட்சிக்கு.

வக்கீல் தண்டபாணியின் யோசனை. எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டி, தெருவிலிருந்து சித்தப்பா வீட்டு வாசல் வரை ஓடும் பத்தடி அகல நிலம். தாத்தா பாகம் பிரித்தபோது முன்வீடு அப்பாவுக்கு, பின்வீடு சித்தப்பாவுக்கு என்று எழுதினார். இந்தப் பத்தடியை எழுதவில்லை. எழுதத் தோன்றியிருக்காது. எல்லோரும் அதில் நடந்தார்கள்.

போன மாதம் சித்தப்பா ஒரு டிராக்டர் ஜல்லியை இங்கே கொட்டினார். தை மாதம் அவர் மகன் கோகுலுக்குக் கல்யாணம். வருகிறவர்கள் சேற்றை மிதிக்காமல் இருக்க கான்கிரீட் போடுவது அவர் திட்டம். அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிமெண்ட் மூட்டையை அப்பாவே இறக்கியிருப்பார் என்கிறாள் அம்மா. கேட்கவில்லை. சத்தம், ஸ்டேஷன், பிறகு தாராபுரம் கோர்ட். ஜல்லியைச் சித்தப்பா தன் வாசலுக்கே வாரிக்கொண்டு போய்விட்டார். நிலம் தன்னுடையது என்று அப்பாவின் வழக்கு. பொதுத்தடம் என்று சித்தப்பாவின் பதில். கோர்ட் ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பும். அவர் வந்து பார்த்து எழுதித் தருவார்.

"கமிஷனரு கண்ணுல பட்டதத்தான் எழுதுவாங்க. வெறும் மண்ணாக் கெடந்தா வழித்தடம்னு எழுதிப்போடுவாங்க. வெள்ளாமை நின்னா நெலம் நம்ம அனுபவத்துல இருக்குதுன்னு எழுதுவாங்க. எதாச்சும் வெரசா வர்ற பயிராப் போட்டு உடுங்கண்ணா" என்றார் தண்டபாணி.

அப்பா யோசிக்கவே இல்லை. "வெரசான்னா முள்ளங்கி."

அவர் மண்ணை மேடாக இழுத்துப் பார் கட்டினார். தெருவிலிருந்து சித்தப்பா வாசல் நோக்கி, நீள நீளமாக. நான் விதை போட்டேன். சுவர் ஓரப் பாரில் ஆரம்பித்து, பிறகு எதிர் ஓரத்துக்குப் போய், இரண்டு பக்கமிருந்தும் உள்ளே வந்தேன்.

"ஒரு தலைப்புல இருந்து வரோணுங் கண்ணு. ரெண்டு தலைப்புலயும் புடிச்சா நடுவுல மிச்சம் நிக்கும்."

நின்றது. நடுப்பாருக்கு விதை தீர்ந்துவிட்டது. சொன்னேன்.

"செரி, உடு" என்றார் நிமிராமல்.


நவம்பர் 17

நான்கு முறை போய்ப் பார்த்தேன். ஒரே நாளில் எதுவும் முளைக்காது என்று தெரியும். தெரிவதற்கும் கால்களுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் அப்படியே கிடக்கிறது. சென்னையில் என் வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் கிடைக்கும் வரை ஊர். தத்துவம் படிக்கிறவளை ஊர் என்ன செய்யும்? விதை போடச் சொல்லும்.


நவம்பர் 20

முளை. இரண்டு இரண்டு இலை. இலை ஒவ்வொன்றும் நடுவில் கிள்ளியது போல.

பூங்கொடிச் சித்தியும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். காலையில் ஒரு முறை, வெயில் தாழ ஒரு முறை. அவள் வாசலில் கிளம்பி, விதைக்காத நடுப்பார் மேல் ஒற்றை வரிசையாகப் பாதம் வைத்துத் தெரு வரைக்கும் வருகிறாள். நின்று இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். திரும்பிப் போகிறாள். கையில் பையும் இல்லை, பால் தூக்கும் இல்லை. வண்டி வாகனம் எல்லாம் இப்போது பின்னாலிருக்கும் வாய்க்கால் சந்து வழியாக. இங்கே நடை மட்டும்.

அம்மா அடுக்களை ஜன்னலில் நின்று சொன்னாள்: "அவுங்க வக்கீலு நடக்கச் சொல்லியிருப்பாரு. நடக்காம உட்டாத் தடம் போயிருமல்லொ."

எங்களுக்குப் பயிர். அவர்களுக்குப் பாதம்.

அப்பாவிடம் கேட்டேன், தடுக்கவில்லையா என்று. "கோர்ட்டு சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கப்படாதுன்னு தண்டபாணி சொல்லியிருக்காரு. நடக்கட்டும்."

சித்தி ஒரு முளையைக்கூட மிதிக்கவில்லை.


நவம்பர் 24

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்தால் விசிறி போல விழும். நடுப்பாரில் பட விடுவதில்லை. பட்டால் தண்ணீர் வீண்.


நவம்பர் 30

நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இலைதான் வரும், கிழங்கு வராது. எதைப் பிடுங்குவது, எதை விடுவது? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒரே உயரம். ஒரே பச்சை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து ஐந்து நிமிடத்தில் ஒரு பாரை முடித்தாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை அவற்றின்.

பிடுங்கியது ஒரு கூடை. பொரியல். தேங்காய் போட்டு. அடுப்படியில் அம்மா இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தாள். ஒன்றை நிரப்பினாள். மற்றதை எடுத்துத் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். வழக்கமாக அது இந்த ஜன்னல் வழியாகச் சித்தி கைக்குப் போகும்.

"என்னத்தப் பாக்கற? சோறு போடு" என்றாள்.


டிசம்பர் 3

கமிஷனர் வரும் தேதி: டிசம்பர் 20. அப்போது கிழங்கு விரல் தடிமன் இருக்கும். போதும் என்கிறார் தண்டபாணி.


டிசம்பர் 6

வேரைப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். பிடுங்கினால் எலிவால் அளவு, வெள்ளையாக, குளிரில் நனைந்தது போல. மறுபடி குழியில் வைத்து மண்ணை அழுத்தினேன். ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.


டிசம்பர் 7

அது வாடிவிட்டது. இன்னொன்றைப் பிடுங்கினேன்.


டிசம்பர் 11

மண் அணைத்தோம். கிழங்கின் தோள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது, அதை மூட வேண்டும். அப்பா மண்வெட்டியோடு ஒவ்வொரு பாராக வந்தார். நடுப்பாரிலிருந்து மண் எடுத்து இருபுறமும் அணைத்தால் வேலை சுலபம். அது தரையோடு தரையாகவும் போயிருக்கும். அவர் வெளி ஓரத்திலிருந்து மண் வெட்டிக் கூடையில் சுமந்து வந்தார்.

"நடுவுலயே எடுக்கலாமேப்பா."

"அங்க இறுகிக் கெடக்குது. முதுகு புடிச்சுக்கும்."

கூடை சுமந்தால் முதுகு பிடிக்காதா? கேட்கவில்லை.


டிசம்பர் 12

அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தது அங்கே இல்லை. எல்லாப் புத்தகங்களையும் எடுத்துத் தூசி தட்டினேன். இல்லை.

அம்மாவிடம் கேட்க முடியாது. என்ன காணோம் என்பாள்.

நவம்பர் 16 அன்று எழுதியதைத் திருத்தப் போவதில்லை.


டிசம்பர் 15

அசுவினி. இலைக்கு அடியில் பச்சைப் பேன் மாதிரி கூட்டம். அம்மா அடுப்புச் சாம்பலைத் தூவினாள். செடிகள் எல்லாம் விபூதி பூசிக்கொண்டு நிற்கின்றன.

சித்தியின் சேலை ஓரத்திலும் சாம்பல்.


டிசம்பர் 20

மழை. கமிஷனர் வரவில்லை. தண்டபாணி மட்டும் வந்தார், குடையோடு. அடுக்களை வாசலில் நின்று பயிரைப் பார்த்தார். பச்சையைப் பார்த்துச் சந்தோஷம். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"அதென்னங்கண்ணா, நடுவுல மொட்டையாக் கெடக்குது?"

"வெதை பத்தலீங்க."

"ஒரு பாக்கெட்டு வாங்கிப் போட்டிருக்கலாமல்லங்க?"

"இப்பப் போட்டாச் சின்னதும் பெருசுமாத் தெரியும். நேத்துப் போட்டது, நேத்துப் போட்டதுன்னு அதுவே கத்தும்."

தண்டபாணி யோசித்துத் தலையாட்டினார். அவர் அப்பா பஞ்சு மில்லில் இருந்தவர். பயிர் விஷயத்தில் என் அப்பா சொல்வதுதான் சட்டம்.

டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த தேதி கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு.

மழையிலும் சித்தி நடந்தாள். அவளிடமும் குடை.


டிசம்பர் 27

பேக்கரியில் கோகுல். தப்பிக்க வழியில்லை, மேஜை ஒன்றுதான் காலி. எனக்கு எட்டு மாதம் மூத்தவன். அண்ணா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"என்ன வினு, வெள்ளாமை எப்படி?"

"அமோகம். நடை எப்படி?"

"எங்கம்மாளுக்குச் சுகரு குறைஞ்சிருச்சு. டாக்டரே அசந்துட்டாரு. என்னம்மா பண்ணுனீங்கன்னு கேட்டா, கேசு நடத்தறோமுங்கன்னுது."

சிரித்தேன். டீ மூக்கில் ஏறியது. அவன் முதுகில் தட்டினான். தட்டிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

கல்யாண வேலைகளைப் பற்றிச் சொன்னான். மண்டபம், சமையல்காரர், இணைச்சீர்காரிக்குச் சேலை எடுத்தாயிற்று, மயில்கழுத்து நிறம்.

இணைச்சீர். மாப்பிள்ளையோடு அவன் சகோதரி மணையில் உட்கார்வாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். அது முடிந்த பிறகுதான் தாலி. கோகுலுக்கு உடன்பிறந்தவள் கிடையாது. பெரியப்பா மகள் நான் இருக்கிறேன் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. சிறு வயதில் இந்தப் பத்தடியில்தான் அதை விளையாடுவோம். அம்மாவின் பழைய சேலை. ஆளுக்கொரு தலைப்பு.

எனக்குச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை. அவை அர்த்தத்தை உற்பத்தி செய்யும் இயந்திரங்கள் என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.

"யாரு உக்காருறா?" என்றேன்.

"பெருந்தொறையில பெரியம்மா பொண்ணு இருக்குதல்லொ. அதைய நிறுத்தலாம்னு பேச்சு." அவன் டம்ளரைச் சுழற்றினான். "பெரியப்பா உடுவாங்களா வினு?"

"நல்லது. அந்தப் பொண்ணு அழகா இருக்கும்" என்றேன்.

பஃப்ஸ் ஆறிவிட்டது.


டிசம்பர் 31

கிழங்கு தயார். தோள்கள் மண்ணை உடைத்துக்கொண்டு வெளியே நிற்கின்றன, வெள்ளை வெளேரென்று. இன்று பிடுங்கி ஊசியால் குத்தினால் தண்ணீர் வரும். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வெறும் மண். வெறும் மண் என்றால் வழித்தடம்.


ஜனவரி 2

அம்மா: "இதைய எடுக்காம இருக்கறது பாவமுங்க."

அப்பா: "அஞ்சாந்தேதி வந்துட்டுப் போயிரட்டும்."

அம்மா: "சாம்பாருக்கு நாலு?"

அப்பா: "ஒன்னுகூடக் கூடாது."


ஜனவரி 5

வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. ஏதோ மசோதாவுக்கு எதிராக. கமிஷனரும் வக்கீல்தான். வரவில்லை.

சீக்கிரம் வரும் என்று முள்ளங்கி போட்டோம். சீக்கிரம் வருவது சீக்கிரம் போகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. தென்னை போட்டிருந்தால் கோர்ட்டுக்குச் சரியாக இருந்திருக்கும்.


ஜனவரி 9

தெருவில் கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள். சித்தப்பாவும் சித்தியும், தாம்பாளம் ஏந்திக்கொண்டு, வீடு வீடாக. எதிர்வீடு. அடுத்த வீடு. டெய்லர் வீடு. எங்கள் வாசலில் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்பா பேப்பர் படித்தார். ஒரே பக்கம். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது வேளாண் மார்க்கெட் விலைப் பக்கம்.

ஜாக்கெட் துணி ஒன்று பீரோவில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. தைக்கக் கொடுக்கலாமா என்று எடுத்தேன். எதற்கு? மடித்து வைத்தேன்.


ஜனவரி 11

கிழங்குகள் வெடிக்கின்றன. நீளவாக்கில் கீறல். ஒன்றைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கி அறுத்தேன். உள்ளே பஞ்சு. கடித்தேன். காரம் கூட இல்லை.


ஜனவரி 15

பொங்கல். அம்மா சந்தையில் முள்ளங்கி வாங்கி வந்தாள். அடுக்களை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாங்கிய முள்ளங்கி கொதிக்கிறது, அந்தப் பக்கம் எங்கள் முள்ளங்கி நிற்கிறது.


ஜனவரி 19

பூ. நடுவிலிருந்து ஒரு தண்டு இடுப்பு உயரம் கிளம்பி, உச்சியில் நான்கு இதழ். வெள்ளை, ஓரத்தில் லேசான ஊதா. முள்ளங்கிக்குப் பூ உண்டு என்று இந்த வயதில் தெரிந்துகொள்கிறேன். தேனீக்கள் வந்துவிட்டன.

சித்தி இன்று நடுவில் நின்றாள். ஒரு பூவை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலில் நான் இருப்பது தெரிந்ததும் நடந்துவிட்டாள்.

அம்மா கவலைப்படுகிறாள். "முள்ளங்கியப் பூக்க உட்டு வெச்சிருந்தாப் பாக்கறவ சிரிப்பா. திங்கறவன் எவனும் உடமாட்டான். கேசுக்குப் போட்டதுன்னு கழுதைக்குக்கூடத் தெரியும்."

அவள் சொல்வது உண்மைதான். பயிர் நின்றால் சாட்சி என்றார்கள். நின்ற நாள் கூடக்கூட அது எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்ல ஆரம்பிக்கிறது.


ஜனவரி 22

தேதி வந்துவிட்டது. 27. உறுதி என்கிறார்கள்.

தண்டபாணி என்னைத் தனியாக உட்கார வைத்தார். "நீ படிச்ச பொண்ணு. கமிஷனரு சாட்சியெல்லாம் விசாரிக்க மாட்டாங்க. பேச்சுவாக்குல எதாச்சும் கேட்டா, எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து இங்க காய்கறிதானுங்கன்னு சொல்லிப்போடு. அவ்வளவுதான்."

நினைவு தெரிந்த நாளில் இங்கே கோகுலின் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. நான் பின்னால் தள்ளுவேன்.

"செரிங்க" என்றேன்.


ஜனவரி 25

 உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. பூக்களுக்குத் தண்ணீர் தேவையில்லை, ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

"நினைவு தெரிந்த நாள்" என்றால் எந்த நாள்? நினைவு என்பது என்ன வகைச் சான்று? இப்படியே எழுதினால் இரண்டாம் அத்தியாயம் முடிந்துவிடும். அது அல்ல விஷயம். சொன்னால் நிலம் அப்பாவுக்கு. சொன்னால் சித்தி இனி இந்த ஜன்னலைக் கடக்க மாட்டாள். பெருந்துறைப் பெண் மயில்கழுத்தில் உட்காருவாள்.

நம்பிக்கை இல்லாத சடங்குக்கு ஒருத்தி இவ்வளவு தவிக்கக் கூடாது.


ஜனவரி 27

கமிஷனர் ஒரு பெண். என் வயதிருக்கும். வியர்த்திருந்தாள். அளவு டேப்பைப் பிடிக்க ஓர் ஆள். எங்கள் பக்கம் தண்டபாணி. அவர்கள் பக்கம் ஒரு கண்ணாடிக்கார வக்கீல். சித்தப்பா நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டாமல், விட்டபடி, கோவிலுக்கு வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார். கோகுல் அவர் பின்னால். சித்தி வாசலில். அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். இரண்டு மாதமாக இவ்வளவு பக்கத்தில் அண்ணனும் தம்பியும் நின்று நான் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி காது.

அளந்தார்கள். எழுதினாள். பிறகு பயிருக்குள் வந்தாள்.

"இது என்ன செடிங்க?"

"முள்ளங்கி" என்றார் அப்பா.

அவள் குனிந்து பூவுக்குக் கீழே பிடித்திருந்த ஒரு பச்சைக் காயை உருவி வாயில் போட்டு மென்றாள். தண்டபாணி அப்பாவைப் பார்த்தார். இவளும் தோட்டத்து வீட்டுப் பெண்தான்.

"பூக்க உட்டுட்டீங்களே?"

"வெதைக்குங்க" என்றார் அப்பா.

"அத்தனையுமா?"

அடுக்களை வாசலில் அம்மாவுக்கு இருமல் வந்தது.

கமிஷனர் சிரிக்கவில்லை. நடுவில் வந்து நின்றாள். நடுப்பார், விதை விழாத பார், இரண்டு மாதப் பாதத்தில் இறுகி, சாணி மெழுகியது போல மினுமினுத்தது. இரு பக்கமும் பூ.

"இது?"

தண்டபாணி முந்தினார். "தண்ணி பாயற வாய்க்காலுங்க மேடம்."

கண்ணாடிக்காரர்: "வாய்க்காலு பாத்திய விட ஒசரமா இருக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன். தண்ணி மேல ஏறிப் போகுமுங்களா சார்?"

டேப் பிடித்த ஆள் சிரித்துவிட்டான். சித்தப்பா சிரிக்கவில்லை.

கமிஷனர் குனிந்து அந்த மண்ணை விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பார். "இங்கெல்லாம் ஈரமா இருக்குது. இதுல மட்டும் தண்ணியே படலியே. தண்ணி ஊத்தறது யாருங்க?"

"நான்தானுங்க."

"இதுல ஊத்தறதில்லீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

எல்லோரும் பார்த்தார்கள். தண்டபாணி கண்ணால் ஏதோ சொன்னார். நினைவு தெரிந்த நாளிலிருந்து, அதைத்தான். வாயில் அது தயாராக இருந்தது. வந்தது வேறு.

"வழுக்குமுங்க."

தேனீக்களின் சத்தம் கேட்டது.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியவில்லை. நீளமாக எழுதவில்லை.

தண்டபாணி பைல் நாடாவைக் கட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "உங்க பொண்ணே கவுத்துட்டுதுங்களேண்ணா."

அப்பா: "அது வக்கீலுக்குப் படிக்கலீங்க."


ஜனவரி 28

அப்பாவுக்குக் கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. சோற்றுக்கு உப்பு கேட்டார், அம்மாவிடம்.

அம்மா என்னிடம்: "வழுக்குமாம். தொறந்த வாய் அதைச் சொல்லத்தானா தொறந்துச்சு?" முறைத்தாள். பிறகு என் தட்டில் கேட்காமல் இன்னொரு கரண்டி.


ஜனவரி 30

அப்பா பிடுங்க ஆரம்பித்துவிட்டார். இனி நிற்க வேண்டியதில்லை. சுவர் ஓரப் பாரிலிருந்து. ஒவ்வொன்றும் கை நீளம், மரம் மாதிரி. மாட்டுக்குப் போட்டோம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது.

நான் கூடை பிடித்தேன். ஒரு பார் முடிந்ததும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். விதை பாக்கெட். பாதிக்கு மேல் இருந்தது. வாய் மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ரப்பர் பேண்ட் நான் போட்டதல்ல.

"வெதை தீந்துபோச்சுன்னயே."

காது சுட்டது. "எப்பப் பாத்தீங்க?"

"மண் அணைக்கறதுக்கு முந்தியே. பேனா தேடுனேன். உன்ற பொஸ்தகத்துக்குப் பொறத்தால இருந்துச்சு."

மண் அணைத்தது டிசம்பர் 11. மழைக்கு முன்னால். தண்டபாணி குடையோடு வந்து மொட்டை என்று சொன்னதற்கு முன்னால்.

"அப்பவே நடுவுல போட்டிருக்கலாமேப்பா."

"போட்டிருக்கலாம்" என்றார். அடுத்த பாருக்குப் போய்விட்டார்.


பிப்ரவரி 1

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா பாத்தியில். தடத்துக்கும் எங்கள் அடுக்களை வாசலுக்கும் நடுவே ஒரே ஒரு பார்தான் பாக்கி, பூவும் காயுமாக அடர்ந்து. இந்தப் பக்கம் பிடுங்கிய மண் பொலபொலவென்று கிடந்தது. தூசி பறக்காமல் இருக்க நான்தான் அதில் தண்ணீர் தெளித்திருந்தேன். நான் வாசற்படியில் காய்களை உருவிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா.

சித்தி நடந்து வந்தாள். அவளுடைய நேரம்தான். தலை நிமிரவில்லை நான். காலடிச் சத்தம் வழக்கமாக ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். இன்று போகவில்லை.

நிமிர்ந்தேன். புதுச் சேலை கட்டியிருந்தாள். பின்னால் தூரத்தில், அவர்கள் வாசலில், சித்தப்பா ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நின்றார். சித்தியின் கையில் தாம்பாளம். வெற்றிலை, பழம், மஞ்சள், பத்திரிகை. பத்திரிகைக்கு அடியில் மடித்த பட்டு. ஓரம் மட்டும் தெரிந்தது. மயில்கழுத்து.

"அக்கா, இருக்கறீங்களா?" உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். 

அம்மா வந்து என் தலைக்கு மேல் நின்றாள். படி இறங்கவில்லை. சித்தியும் மேலே வரவில்லை. வர முடியவில்லை. தடம் நேராகத் தெருவுக்குத்தான் போகிறது. எங்கள் வாசலுக்குத் திரும்ப அதில் வழி இல்லை. குறுக்கே முள்ளங்கி. இரண்டு மாதமாக ஒரு செடியை மிதிக்காதவள் இப்போதும் மிதிக்காமல், தாம்பாளத்தை ஏந்தியபடி நின்றாள்.

எழுந்திருக்க வேண்டும். கால்கள் எழவில்லை. இரண்டு மாதமாக ஓயாத கால்கள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசும் வழக்கமும் இல்லை. குனிந்தபடியே வந்து, அவளுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே நின்றிருந்த செடிகளைப் பிடுங்கினார். ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. மண்ணைக் காலால் தள்ளிச் சமன் செய்தார். பிடுங்கியதைக் கூடையில் போட்டார்.

பிறகு, யாரிடமும் அல்லாமல், மண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்து. வழுக்கும்."